கறுப்புக்குள் எத்தனை கறுப்பு: எண்ணூர் விடியலும் நிழலுருப் படங்களும்

எண்ணூர் நெட்டுக்குப்பத்தில் கடலுக்குள் கொஞ்ச தூரம் போய் உடைந்து நிற்கிறது ஒரு பழைய பாலம். சென்னையில் கேமரா வைத்திருப்பவர்களிடையே பெயர் பெற்ற இடம் அது. விடுமுறை நாள் விடியலில் டிரைபாடும் பையுமாக ஆட்கள் வந்துவிடுவார்கள். கறுத்த தூண்கள், பின்னால் செம்மஞ்சள் வானம், ஓரமாக ஒரு ஃபைபர் படகு: இந்தப் படத்தை நாம் எல்லோருமே பார்த்திருக்கிறோம். அழகான படம்தான், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் அதே நேரத்தில், அங்கிருந்து ஏழெட்டு கிலோமீட்டர் தென்மேற்கே, மணலி புதுநகரில் மொட்டை மாடியில் நின்று கிழக்கே பார்ப்பவருக்குக் கிடைப்பது வேறு படம். அவருக்கும் சூரியனுக்கும் நடுவே கொசஸ்தலையாற்றின் தாழ்வான சதுப்பு நிலம், அதில் வரிசையாக நடப்பட்ட உயர் அழுத்த மின்கோபுரங்கள், எண்ணூர் அனல்மின் நிலைய வளாகம், வடக்கே தள்ளி வடசென்னை அனல்மின் நிலையத்தின் புகைப்போக்கிகள்.

வட சென்னையின் பெரிய ஆலைகள் கடலோரத்துக் குப்பங்களுக்கு மேற்கிலும் வடக்கிலும் அமைந்திருக்கின்றன. கடற்கரையில் நின்று கிழக்கைப் பார்த்தால் அவை முதுகுக்குப் பின்னால் போய்விடும், அல்லது சட்டகத்துக்கு வெளியே இடப்பக்கம் ஒதுங்கிவிடும். அதனால்தான் எண்ணூரில் எடுத்த சூரியோதயப் படத்தைப் பார்த்து அது எண்ணூர் என்று சொல்லிவிட முடிவதில்லை. நாகப்பட்டினம் என்றாலும் நம்புவோம், தூத்துக்குடி என்றாலும் நம்புவோம். ஒரு ஊரின் விடியலைப் படமெடுத்து அந்த ஊரையே விட்டுவிடுவது கலைக்கண்ணுக்கு அழகில்லை என்பது என் எண்ணம்.

நிழலுருப் படத்தின் தொழில்நுட்பம் எளிது. ஒளியின் மூலம் பின்னால் இருக்க, பொருள் முன்னால் நிற்க, வானத்தின் வெளிச்சத்துக்கு எக்ஸ்போஷரைக் கட்டினால் பொருள் கறுத்துவிடும். கேமராவைத் தானியங்கி முறையில் விட்டால் அது நடுவாந்தரமாகச் சராசரி எடுத்து, வானத்தை வெளுத்து, ஆளைச் சாம்பலாக்கிவிடும். ஸ்பாட் மீட்டரிங்கில் வைத்து, சூரியனுக்குப் பக்கவாட்டு வானத்தில் அளவெடுத்துப் பூட்ட வேண்டும். கைப்பேசி என்றால் வானத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்து வெளிச்சத்தைக் குறைத்தால் போதும்.

நேரக் கணக்கு இன்னும் முக்கியம். சென்னையில் மே இறுதி, ஜூன் தொடக்கத்தில் சூரியன் காலை 5.40-ஐ ஒட்டி எழுகிறது. ஜனவரி இறுதியில் 6.35-ஐ ஒட்டி. விளிம்பு தெரிவதிலிருந்து முழு வட்டமும் கடலை விட்டு மேலே வர ஏறக்குறைய இரண்டேகால் நிமிடம்தான். நல்ல நிழலுருக்களில் பெரும்பாலானவை அந்த இரண்டேகால் நிமிடத்தில் எடுக்கப்பட்டவை அல்ல. அதற்கு முந்தைய இருபது நிமிடத்தில், சூரியன் இன்னும் தொடுவானத்துக்குக் கீழே இருக்கையில், வானம் முழுக்க ஒரு சீரான விளக்காக ஆகும்போது எடுக்கப்பட்டவை. வட்டம் வந்தபிறகு கண் அதையேதான் பார்க்கும், வடிவங்கள் இரண்டாம்பட்சமாகிவிடும். (பெரிய லென்ஸ் வழியாக எழுந்த சூரியனைக் கண்ணால் பார்ப்பது விழித்திரையைச் சுட்டுவிடும். பின்பக்கத் திரையில் பார்த்து எடுங்கள்.)

வடிவம் என்பது கறுப்பாக நிற்கும் பொருள் மட்டுமே அல்ல. டென்மார்க் உளவியலாளர் எட்கர் ரூபின் 1915-இல் வெளியிட்ட ஆய்வில் இதைத்தான் காட்டினார். ஒரே கோட்டுக்கு இந்தப் பக்கம் பார்த்தால் குவளை, அந்தப் பக்கம் பார்த்தால் எதிரெதிரே இரண்டு முகம். உருவம் எது, பின்னணி எது என்று மனம் ஒவ்வொரு முறையும் தீர்மானிக்கிறது. நிழலுருவில் நிறமும் பரப்பும் போய்விடுவதால் மனத்துக்கு அந்த விளிம்புக் கோடு ஒன்றுதான் பிடி. கரையில் வலை தட்டும் நான்கு பேர் ஒருவர்மேல் ஒருவர் படிந்து நின்றால் படத்தில் ஒரே கறுப்புக் கட்டிதான் விழும். அரை அடி நகர்ந்து நின்றால் நடுவே வானம் புகுந்து நான்கு ஆட்களும் தனித்தனியே எழுந்து வருவார்கள். கைக்கும் உடம்புக்கும் இடையே ஒரு கீற்று வெளிச்சம் வேண்டும். இல்லாவிட்டால் அந்த ஆளுக்குக் கையே கிடையாது. படகைப் பக்கவாட்டில் பார்த்தால்தான் அணியம் உயர்ந்திருப்பதும், பின்னால் என்ஜினின் நீண்ட தண்டு சாய்ந்திருப்பதும் தெரியும். நேர்முன்னால் நின்று எடுத்தால் அதே படகு வெறும் கறுப்புத் திட்டு.

இந்த ஊரில் கறுப்பு என்பது சும்மா ஒரு நிறம் அல்ல என்பதுதான் நான் இங்கே சொல்ல வருவது.

2017 ஜனவரி 28 அதிகாலை எண்ணூரின் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதின. கசிந்த எண்ணெய் எர்ணாவூர்க் கரையில் தார் போலத் திரண்டு ஒதுங்கியது. மீனவர்களும் மாணவர்களும் தொழிலாளர்களும் பாறைகள்மேல் வரிசையாக நின்று வாளிகளில் அதை அள்ளிக் கைமாற்றினார்கள். ஏறக்குறைய ஏழு ஆண்டுகள் கழித்து, 2023 டிசம்பர் தொடக்கத்தில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய் அடித்துவரப்பட்டு பக்கிங்காம் கால்வாய், கொசஸ்தலையாறு வழியாக எண்ணூர் முகத்துவாரத்தை மூடியது. படகுகளின் வயிற்றில், வலையில், சுவரில், கூழைக்கடாக்களின் இறகில் எண்ணெய்.

அந்த நாட்களில் ஒருவர் எதிரொளியில் படமெடுத்திருந்தால் என்ன பதிவாகியிருக்கும்? முழங்கை வரை எண்ணெய் பூசிய கையும் கறுப்பு, பூசாத கையும் கறுப்பு. எண்ணெய் படிந்த கூழைக்கடாவும் சுத்தமான கூழைக்கடாவும் ஒரே வடிவம். பாறையும் தார்க்கட்டியும் ஒன்று. நிழலுரு தன் இயல்பிலேயே பரப்பை அழிக்கிறது. எண்ணெயோ பரப்பின்மேல்தான் படிகிறது. அன்றைக்கு நமக்குக் கிடைத்த படங்கள் வலுவானவையாக இருப்பதற்குக் காரணம், அவற்றை எடுத்த செய்திப் படக்காரர்கள் நிழலுருவாக்காமல், எண்ணெயின் பளபளப்பு தெரியும்படி எடுத்ததுதான். அதே டிசம்பர் 26 இரவு பெரியகுப்பத்துக் கடலில் குழாயிலிருந்து அமோனியா கசிந்து மக்கள் மூச்சுத்திணறி வீட்டைவிட்டு ஓடினார்கள். அந்த வாயுவுக்கு வடிவமே இல்லை. எந்த ஒளியில் எடுத்தாலும் படத்தில் விழாது.

அப்படியானால் நிழலுரு வட சென்னைக்கு ஆகாத வடிவம் என்று விட்டுவிடலாமா? அவசரப்படக் கூடாது. அதைப் பற்றி யோசிக்க ஒரு துறைமுகத்து ஓவியம் உதவும்.

க்ளோத் மோனே 1872-ஆம் ஆண்டுத் தேதியிட்ட 'இம்ப்ரெஷன், சூரியோதயம்' ஓவியத்தைப் பலர் கடற்காட்சி என்றே நினைக்கிறார்கள். அது பிரான்ஸின் லே ஹாவ்ர் துறைமுகம். பின்னால் பாய்மரங்கள், பாரந்தூக்கிகள், புகைபோக்கிகள். முன்னால் ஒரு சிறு படகு, அதில் நிற்கும் ஆள் வெறும் கருநீல நிழலுரு. 1874-இல் அது முதலில் காட்சிக்கு வைக்கப்பட்ட இடமும் பொருத்தமானது: பாரிஸில் நாடார் என்ற ஒளிப்படக்காரர் முன்பு ஸ்டூடியோ நடத்திய கட்டடம். ஹார்வர்டின் நரம்பியல் ஆய்வாளர் மார்கரெட் லிவிங்ஸ்டன் அந்த ஓவியத்தில் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார். ஆரஞ்சுச் சூரியனும் சுற்றியுள்ள சாம்பல் மேகமும் நிறத்தில்தான் வேறு; வெளிச்ச அளவில் ஏறக்குறைய ஒன்று. கறுப்பு வெள்ளையாக மாற்றினால் சூரியன் கிட்டத்தட்ட மறைந்துவிடும். கைப்பேசியில் அந்த ஓவியத்தை எடுத்து வண்ணத்தை நீக்கிப் பாருங்கள், தெரியும்.

இந்தச் சோதனையை நம் சொந்தப் படங்களிலும் செய்யலாம். வண்ணத்தை எடுத்தபிறகும் படம் நின்றால் அதில் வடிவம் இருக்கிறது. சரிந்துவிட்டால் நாம் எடுத்தது நிறத்தை மட்டுமே.

2023-இல் ஆனா லியா ஆல்பிரைட், பீட்டர் ஹைபர்ஸ் என்ற இரு காலநிலை ஆய்வாளர்கள் இன்னொரு படி மேலே போனார்கள். ஆங்கில ஓவியர் டர்னரின் 60 ஓவியங்களையும் மோனேயின் 38 ஓவியங்களையும் எடுத்து, விளிம்புகள் எவ்வளவு கூர்மை, நிறம் எவ்வளவு வெளுப்பு என்று கணக்கிட்டார்கள். நிலக்கரிப் புகையால் லண்டனிலும் பாரிஸிலும் கந்தக டை ஆக்சைடு ஏற ஏற, ஓவியங்களில் விளிம்புகள் மங்கி, நிறங்கள் வெளுத்துக்கொண்டே போயின என்பது அவர்கள் முடிவு. ஓவியரின் பாணி என்று நாம் நினைத்ததில் ஒரு பங்கு காற்றின் வேலை.

கறுப்புப் பொருளைத் தொடுவானத்துக்கு எதிரே வைத்துக் காற்றை அளப்பது வானிலை அறிவியலில் பழைய வழக்கம். அதற்கான விதியை 1924-இல் ஹரால்டு கோஷ்மீடர் என்ற ஜெர்மானிய இயற்பியலாளர் எழுதினார். கறுத்த பொருள் ஒன்று நம்மைவிட்டு விலக விலக, நடுவே இருக்கும் காற்று தன் வெளிச்சத்தை அதன்மேல் ஏற்றிக்கொண்டே போகும். கறுப்பு சாம்பலாகி, சாம்பல் வெளுத்து, கடைசியில் வானத்தோடு கலந்துவிடும். வானத்துக்கும் பொருளுக்கும் உள்ள வேறுபாடு 2 சதவீதமாகக் குறையும் தூரத்தையே பார்வைத் தூரம் என்பார்கள். அதில் பாதித் தூரத்தில் இருக்கும் பொருளின் வேறுபாடு 14 சதவீதம். கால் தூரத்தில் 38 சதவீதம் அளவு. அதாவது ஒரு காலையில் பார்வைத் தூரம் 8 கிலோமீட்டர் என்றால், 4 கிலோமீட்டரில் நிற்கும் புகைப்போக்கி தன் கறுப்பில் ஆறில் ஒரு பங்குக்கும் குறைவாகவே நமக்குக் காட்டும்.

இப்போது மணலி புதுநகர் மாடிக்குத் திரும்பலாம். எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மைக்கறுப்பு. ஆற்றோரப் பனை அதற்கடுத்த கறுப்பு. முதல் மின்கோபுரம் சற்றே நீலம் பாய்ந்த கறுப்பு. மூன்றாவது கோபுரம் சாம்பல். எண்ணூர்க் கட்டடங்கள் வெளிர்ச்சாம்பல். வடக்கே புகைப்போக்கிகள் சில காலைகளில் நன்றாகத் தெரியும், சில காலைகளில் பென்சிலால் கோடிழுத்து அழித்த மாதிரி. ஓவியர்கள் இதைத் தொலைவின் அழகு என்று ரசிப்பார்கள்; ரசிக்கத்தான் வேண்டும். ஆனால் மணலியை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009-இல் தன் மாசுக் குறியீட்டில் 76.32 என்று மதிப்பிட்டது. 70-ஐத் தாண்டினாலே மிக மோசமாக மாசடைந்த தொழிற்பகுதி என்று கணக்கு. அந்த ஊரில், அந்தச் சாம்பல் படிநிலைகள் ஒவ்வொன்றும் நடுவில் இருக்கும் காற்றைப் பற்றிய சாட்சியம்.

எல்லா மங்கலையும் ஆலைமேல் போட்டுவிடக் கூடாது. மார்கழிப் பனி உண்டு. கடலிலிருந்து வரும் கொண்டல் காற்றின் ஈரம் உண்டு. ஈரத்தில் உப்புத் துகள்கள் ஊதிப் பெருத்து ஒளியை இன்னும் சிதறடிக்கும். போகி விடியலின் புகை உண்டு. 2018 போகியன்று அது சென்னை விமானப் போக்குவரத்தையே தடுமாற வைத்தது. இன்னொரு தப்பான நம்பிக்கையையும் இங்கே சொல்லியாக வேண்டும். புகை அதிகமானால் உதயம் சிவப்பாக, அழகாக இருக்கும் என்று படமெடுப்பவர்களே சொல்வார்கள். தொடுவானச் சூரியனின் ஒளி, உச்சியில் இருக்கும் சூரியனுடையதைவிட ஏறக்குறைய 38 மடங்கு காற்றைக் கடந்து வருகிறது. அந்தப் பயணத்தில் காற்று மூலக்கூறுகளே நீலத்தைச் சிதறடித்துச் சிவப்பை மிச்சம் வைக்கப் போதும். சாம்பலும் தூசியும் போன்ற பெரிய துகள்கள் எல்லா நிறத்தையும் ஒருசேரச் சிதறடிப்பதால் வானத்தை வெளுக்கவே செய்யும். மழை கழுவிவிட்டுப் போன ஐப்பசி, கார்த்திகைக் காலையில் எண்ணூர் வானம் எரிவதையும், காற்றில்லாத மாசி விடியலில் மங்கிய வட்டம் ஒன்று தயங்கி எழுவதையும் அடுத்தடுத்துப் பார்த்தவருக்கு இது விளங்கும்.

அளவு பற்றியும் ஒரு கணக்கு. வானத்தில் சூரியனின் அகலம் அரை பாகைதான். ஆகவே எந்தப் பொருளும் தன் உயரத்தைப்போல 108 மடங்கு தூரத்தில் நின்றால் சூரியனுக்குச் சமமாகத் தெரியும். ஐந்தரை அடி மீனவர் வட்டத்துக்குள் பொருந்த நீங்கள் 180 மீட்டர் விலகி நின்று பெரிய லென்ஸ் போட வேண்டும். 200 மீட்டர் புகைப்போக்கி ஒன்றை 6 கிலோமீட்டரிலிருந்து பார்த்தால் அது மூன்றரைச் சூரியன் உயரம். அது சூரியனுக்குள் அடங்க வேண்டுமென்றால் ஏறக்குறைய 22 கிலோமீட்டர் விலக வேண்டும். அங்கே போனால் மங்கலில் அதுவே காணாமல் போய்விடும். மணலி புதுநகரில் வசிப்பவர் கண்ணுக்கு ஆலை எப்போதும் சூரியனைவிடப் பெரியது. கவிதையாகச் சொல்லவில்லை, கோண அளவு அப்படி.

கடலோரத்தின் வடிவமும் கவனிக்க வேண்டியது. 1870-களில் தொடங்கிய சென்னைத் துறைமுகக் கட்டுமானம், ஆண்டில் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணலைத் தடுத்தது. தெற்கே மெரினா அகன்றது. வடக்கே ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கரை அரிக்கப்பட்டு, வீடுகளும் தெருக்களும் போய், கடைசியில் கருங்கல் கொட்டிய தடுப்புச் சுவர்களும் கடலுக்குள் நீளும் கல் வரிசைகளும் வந்தன. மெரினாவில் ஈர மணலில் ஆளின் பிரதிபலிப்போடு எடுக்கும் படத்தைத் திருவொற்றியூரில் பல இடங்களில் எடுக்க முடியாது. எடுக்க மணல் இல்லை. தூண்டிலோடு கற்கள்மேல் குந்தியிருக்கும் ஆளின் நிழலுருவில், அவருக்குக் கீழே இருக்கும் அந்தக் கரடுமுரடான கறுப்புக் கோடு ஒன்றரை நூற்றாண்டு வரலாறு. அதைச் சட்டகத்தில் வெட்டிவிடாமல் வைத்திருப்பதே நல்ல கண்.

வானத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக 1850-களில் இருந்த லின்னேயஸ் டிரைப்பின் காலத்து நெகட்டிவ்கள் நீல ஒளிக்கு மட்டுமே நன்றாக வேலை செய்தன. வானம் எப்போதும் வெறும் வெள்ளையாகப் போய்விடும். டிரைப் நெகட்டிவின்மேல் மேகங்களைக் கையால் தீட்டிச் சேர்த்தார். உதயத்தின் சிவப்பு அச்சிட்ட படத்தில் இருட்டாக விழுந்திருக்கும். இன்றைக்குக் கைப்பேசி மென்பொருள் வானத்தையே மாற்றித் தருகிறது. தீட்டிச் சேர்த்த மேகத்துக்கு நீண்ட பரம்பரை இருக்கிறது. ஆனாலும் எண்ணூர் வானத்தை மாற்றி ஒட்டுவதை நான் ஏற்க மாட்டேன். அங்கே வானம்தான் செய்தி.

எந்த வடிவத்தைத் தேர்வது என்பதற்கு நான் மதிப்போடு பார்ப்பது எம். பழனி குமாரின் வேலையை. மதுரை ஜவஹர்லால்புரத்தைச் சேர்ந்தவர், தாயார் மீன் விற்றவர். 'பாரி' என்ற கிராமப்புற இந்தியாவின் மக்கள் ஆவணக் காப்பகத்துக்காகப் படமெடுக்கிறார். வட சென்னைப் பிள்ளைகளுக்கும் ஒளிப்படம் கற்றுத் தருகிறார். எண்ணூர்ப் பகுதியில் கையால் இறால் பிடிக்கும் இருளர் பெண்களை அவர் எடுத்த படங்களில் ஒரு நிலையை மறக்க முடியாது. தண்ணீருக்குள் குனிந்து, இரண்டு கையும் சேற்றில் துழாவிக்கொண்டிருக்க, பிடித்த இறாலைப் போடும் ஓலைக் கூடையை, 'பறி' என்பார்கள், பல்லால் கடித்துத் தொங்கவிட்டிருக்கிறார்கள். கைக்கு வேறு வேலை இருக்கிறது, அதனால் வாய் கூடையைச் சுமக்கிறது. அந்தப் படங்களில் முகம் தெரியும், தோல் தெரியும், கண் நம்மைப் பார்க்கும். அவர் நிழலுருவைத் தேடிப் போகிறவர் அல்லர். ஆனால் அந்த நிலையை மட்டும் கோடாக வரைந்தாலும் அதன் பொருள் மிஞ்சும்: வளைந்த முதுகு, நீரில் மறைந்த கைகள், தாடைக்குக் கீழே தொங்கும் கூடை. நிழலுருவுக்குத் தகுதியான வடிவம் அதுதான். துள்ளிக் குதிக்கும் சிறுவனும் கைகோத்த ஜோடியும் எந்தக் கடற்கரைக்கும் பொருந்துவார்கள். பறியைக் கடித்த வாய் எண்ணூருக்கு உரியது.

முகம் தெரியாது என்பதால் அனுமதி கேட்க வேண்டாம் என்று பலர் நினைக்கிறார்கள். குப்பத்தில் ஒருவரை நடையை வைத்தே, படகின் சாய்வை வைத்தே எல்லோருக்கும் தெரியும். எடுத்த படத்தை அண்ணனிடமோ அக்காவிடமோ திரையில் காட்டிவிட்டுப் போவது குறைந்தபட்ச மரியாதை. பல நேரம் அவர்களே படத்தைத் திருத்துவார்கள்: வலையை அப்படிப் பிடிக்க மாட்டோம், இந்தப் பக்கம் வந்து எடுங்க என்பார்கள். அந்தத் திருத்தம் எந்தப் பயிற்சி வகுப்பிலும் கிடைக்காது.

மணலி புதுநகரில் இருப்பவர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஒரே மாடி, ஒரே மூலை, ஒரே லென்ஸ், ரா (RAW) கோப்பு, மாறாத எக்ஸ்போஷர். சூரியன் வருவதற்கு இருபது நிமிடம் முன்பு ஒரு படம், வாரத்துக்கு ஒரு முறை. சூரியன் எழுந்தபின் அதன் பக்கம் பார்த்து எடுத்தால் துகள்கள் முன்னோக்கிச் சிதறடிக்கும் ஒளி கோஷ்மீடரின் கணக்கைக் குலைத்துவிடும். அதனால்தான் முன்னமே எடுக்க வேண்டும். அருகில் ஒன்று, நடுவில் ஒன்று, தொலைவில் ஒன்று என மூன்று கறுப்புகளைத் தேர்ந்து, ஒவ்வொன்றுக்கும் பக்கத்து வானத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் குறித்துவைக்கலாம். அன்றைய ஈரப்பதத்தையும் காற்றின் திசையையும், மணலியில் உள்ள மாசு அளவீட்டு நிலையத்தின் எண்ணையும் பக்கத்தில் எழுதலாம். சூரியன் எழும் இடம் ஜூனில் கிழக்கிலிருந்து 24 பாகை வடக்கேயும் டிசம்பரில் அதே அளவு தெற்கேயும் போவதால், ஒரு சுற்று முடிய ஓராண்டு வேண்டும். 2017 மார்ச்சில் மூடிய பழைய எண்ணூர் அனல்மின் நிலையத்தின் இடத்தில் புதிய அலகு கட்டும் திட்டம் இருப்பதால், தொடுவானக் கோடே நடுவில் மாறிப்போகலாம். அந்த மாற்றத்துக்கும் தேதி போட்டுவைக்க வேண்டும். தொடங்க நல்ல நாள் மார்ச் 21-ஐ ஒட்டிய ஏதாவது ஒரு காலை. அன்று சூரியன் நேர் கிழக்கே, எண்ணூர்ப் பக்கம் எழும்.